பஞ்சம் என்று யார், எப்போது, எதை வைத்துச் சொல்கிறார்கள்?

தமிழில் பஞ்சம் என்ற சொல்லுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. கோடையில் தண்ணீர்ப் பஞ்சம், நடவுக் காலத்தில் ஆள் பஞ்சம், பேருந்தில் சில்லறைப் பஞ்சம். அரசு ஊழியரின் சம்பளச் சீட்டில்கூட ஒரு காலத்தில் ‘பஞ்சப்படி’ இருந்தது. பின்னால்தான் அது அகவிலைப்படி ஆயிற்று.

இப்படிப் பழகிய காதுக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று வந்த செய்தி குழப்பமாகவே இருந்திருக்கும். காசா நகரம் அடங்கிய மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவது உறுதி என்று அன்று அறிவித்தார்கள். எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களோ அதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே வந்துகொண்டிருந்தன. அப்படியானால் அதுவரை அங்கே இருந்ததற்கு என்ன பெயர்? அறிவிப்பு வந்த கையோடு இஸ்ரேல் அரசு அங்கே பஞ்சமே இல்லை என்று மறுத்தது. சோறு இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு தரப்பு எப்படி இருக்க முடியும்?

இருக்க முடிகிறது. காரணம், பேச்சுவழக்குப் பஞ்சம் வேறு, செய்தியில் வரும் பஞ்சம் வேறு. இரண்டாவது ஒரு கலைச்சொல். மூன்று எண்கள் ஒன்றாகக் கூடினால்தான் அது பிறக்கும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப்போனால் பாதை மதராஸ் மாகாணத்தின் தாது வருடத்துக்கும் வந்து சேர்கிறது.

முதலில் உடல்

சோறு நின்றால் உடல் நடந்துகொள்ளும் விதம், வருமானம் நின்றுபோன ஒரு குடும்பத்தின் நடப்பை ஒத்தது. முதலில் கையிருப்பு, அடுத்து நகை, கடைசியில் கூரைக் கழியைப் பிடுங்கி அடுப்பெரிப்பது.

1. கையிருப்பு என்பது கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை. கிளைக்கோஜன் என்று பெயர். ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

2. அடுத்தது கொழுப்பு. கல்லீரல் அதைக் கீட்டோன்களாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. வளர்ந்த ஆளுக்கு இது வாரக்கணக்கில் தாங்கும். சின்னக் குழந்தைக்கு இந்த இருப்பு மிகக் குறைவு.

3. கூடவே தசை கரைகிறது. இதயமும் தசைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. குடலின் உட்படலம் மெலிகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றல் சரிகிறது. சிலருக்குக் காலும் முகமும் நீர்கோத்து வீங்குகின்றன. வீங்கிய குழந்தை பார்ப்பதற்குப் புஷ்டியாகவே தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டினி கிடப்பவர் பெரும்பாலும் ‘பட்டினியால்’ சாவதில்லை. வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை என்று வேறு ஒரு நோய் வந்து முடித்து வைக்கிறது. இறப்புச் சான்றிதழில் பசி என்ற சொல் இருக்காது. ஆகவே பட்டினிச் சாவு எத்தனை என்று கேட்டால் எந்த ஊரிலும் ஒழுங்கான விடை கிடைக்காது. அளப்பவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அரைப்பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 1944–45இல் அளந்து பார்த்தார். போருக்குப் போக மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து உட்பட்டார்கள். ஆறு மாதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால் பங்கு போயிற்று. நாடித்துடிப்பு தணிந்தது, கோடையிலும் குளிரெடுத்தது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை வரிவரியாகப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று. இந்த 1,600 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

ஐந்து படிகள்

இன்று உலகம் பயன்படுத்தும் அளவுகோலின் பெயர் ‘உணவுப் பாதுகாப்புக் கட்டங்களின் ஒருங்கிணைந்த வகைப்பாடு’. ஆங்கிலச் சுருக்கம் ஐபிசி. நம் செய்தி வாசகருக்கு ஐபிசி என்றதும் தண்டனைச் சட்டம்தான் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சோமாலியாவுக்காக 2004இல் உருவான இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், உணவு வேளாண்மை அமைப்பு போன்ற ஐநா அமைப்புகளும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து இதை நடத்துகின்றன.

கட்டம் 1 இயல்பு நிலை. கட்டம் 2 இறுக்கம்: சாப்பாடு கிடைக்கிறது, மற்றச் செலவைக் குறைத்து. கட்டம் 3 நெருக்கடி: வேளையைக் குறைக்கிறார்கள், இல்லாவிட்டால் ஆடு மாட்டை, விதைநெல்லை விற்றுச் சாப்பிடுகிறார்கள். அவசர உதவி தேவை என்ற கணக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது. கட்டம் 4 அவசரநிலை: விற்கவும் ஒன்றும் மிஞ்சாத நிலை, குழந்தைகள் மெலிகிறார்கள், சாவு கூடுகிறது. கட்டம் 5 கடைசிப் படி.

குழப்பம் இந்த ஐந்தாம் படியில்தான். ஒரு குடும்பம் அங்கே விழுந்தால் அதற்குப் பெயர் ‘பேரழிவு’. ஒரு வட்டாரமே விழுந்தால்தான் ‘பஞ்சம்’. ஆகவே ஒரு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பேரழிவில் இருந்தும் அந்த மாவட்டம் பஞ்சப் பகுதியாகாமல் இருக்கலாம். பத்திரிகைகள் இந்த இரண்டையும் கலந்து எழுதிவிடுகின்றன. ‘லட்சம் பேர் பஞ்சத்தில்’ என்று நேற்றுப் படித்தவர், ‘பஞ்சம் இன்னும் அறிவிக்கப்படவில்லை’ என்று இன்று படித்து விழிப்பது இதனால்தான்.

மூன்று எண்கள்

ஒரு வட்டாரம் பஞ்சத்தில் இருக்கிறது என்று சொல்ல மூன்று நிபந்தனைகள் உண்டு.

1. குறைந்தது 20 சதவீதக் குடும்பங்களுக்கு உணவு அறவே இல்லாத நிலை.

2. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் குறைந்தது 30 சதவீதத்தினர் உயரத்துக்குத் தக்க எடை இல்லாமல் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும்.

3. பசியாலும் பசியோடு சேர்ந்த நோயாலும் நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இருவராவது இறக்க வேண்டும். குழந்தைகளில் பத்தாயிரத்துக்கு நால்வர். குண்டடிபட்டு இறந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். என்ன நோயால் இறந்தார் என்று துருவாமல் மொத்தச் சாவைப் பார்ப்பதால், முன்பு சொன்ன சான்றிதழ்ச் சிக்கல் இங்கே ஓரளவு தீர்கிறது.

பத்தாயிரத்துக்கு இருவர் என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். பெருக்கிப் பாருங்கள். ஐந்து லட்சம் பேர் வாழும் இடத்தில் அது ஒரு நாளைக்கு 100 பிணம். இதே வேகத்தில் போனால் ஓராண்டில் 36,500 பேர், அதாவது பதினான்கு பேரில் ஒருவர். அங்கே நாளொன்றுக்கு 95 பேர் இறந்தால் எண் 1.9 ஆகிறது, இரண்டைத் தொடவில்லை, ஆகவே கட்டம் 4. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அடுப்படியில் எந்த வித்தியாசமும் இருக்காது.

மூன்றில் மூன்றாவதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். முதலிரண்டும் உயிரோடு இருப்பவர்களை அளக்கின்றன. மூன்றாவது செத்தவர்களை எண்ணுகிறது. செத்தவர்களை எண்ணி முடித்த பிறகு வரும் அறிவிப்பை முன்னெச்சரிக்கை என்று சொல்ல முடியாது. சோமாலியாவில் 2011 ஜூலை 20 அன்று பஞ்சம் அறிவித்தார்கள். அந்தப் பேரிடரில் இறந்தோர் ஏறத்தாழ 2,58,000 பேர் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அறிவிப்பு வருவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

அதே சோமாலியாவில் 2022இல் நிலைமை மறுபடி கெட்டது. பைதோவா வட்டாரத்தில் பஞ்சம் வரப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். உதவி போய்ச் சேர்ந்ததால் எண்கள் கோட்டைத் தாண்டவில்லை, பஞ்சமும் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் அந்த ஓராண்டில் வறட்சியால் கூடுதலாக இறந்தவர்கள் 43,000 பேர் இருக்கலாம் என்பது பின்னர் வந்த மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழப் பாதி குழந்தைகள். ‘பஞ்சம் இல்லை’ என்ற செய்திக்குள் இவ்வளவு அடங்கும்.

இந்த நூற்றாண்டில் இந்த முறைப்படி பஞ்சம் உறுதியான நாடுகளை ஒரு கையில் எண்ணிவிடலாம்: சோமாலியா 2011, தென்சூடான் 2017, சூடான் 2024 தொடங்கி, காசா 2025.

நாடா சொல்வதும் தராசு சொல்வதும்

காசா தொடர்பான சர்ச்சையில் அதிகம் அடிபட்டது இரண்டாம் எண். ‘30 சதவீதம் என்று இருந்ததைக் காசாவுக்காக 15 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள்’ என்பது இஸ்ரேல் தரப்பின் குற்றச்சாட்டு. இதைச் சரிபார்க்க, குழந்தையின் மெலிவை அளக்க இரண்டு வழிகள் உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, எடையும் உயரமும் எடுத்துப் பார்ப்பது. தராசு வேண்டும், உயரப் பலகை வேண்டும், பழகிய ஆள் வேண்டும். அழுகிற குழந்தையை நேராகக் கிடத்த இரண்டு பேர் வேண்டும்.

மற்றது, இடது மேற்கையின் நடுவில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்ப்பது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசிய நாடா. சுற்றளவு 125 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மஞ்சள், 115க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது உயிருக்கு ஆபத்து. 115 மில்லிமீட்டர் என்றால் பதினொன்றரை சென்டிமீட்டர். பெரியவர் ஒருவரின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து வளையமிட்டால் அதற்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும் கை. நாடாவைத் தாயே சுற்றிப் பார்க்கலாம். குண்டு விழும் இடத்தில் தராசைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, நாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம்.

இரண்டு முறைகளும் ஒரே குழந்தைகளைப் பிடிப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் நாடா காட்டும் சதவீதம் தராசு காட்டுவதைவிடக் குறைவாகவே வரும். ஆகவே நாடாவுக்குத் தனிக் கோடு: 15 சதவீதம், அத்தோடு நிலைமை வேகமாகச் சரிகிறது என்பதற்கான மற்ற ஆதாரங்களும். இந்த விதி 2019 முதல் கையேட்டில் இருக்கிறது, காசாவுக்காக எழுதியதில்லை. இந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

ஆனால் இன்னொரு கேள்வி நியாயமானது. காசாவில் மூன்றாம் எண், அதாவது சாவு விகிதம், நேரடியாக அளந்து கிடைத்ததா? இல்லை. மருத்துவமனைகளும் பதிவு முறையும் குலைந்த இடத்தில் வீட்டில் நடக்கும் சாவுகள் ஏட்டில் ஏறுவதில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்காக விதிமுறையிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூன்றும் உறுதியானால் ‘வலுவான ஆதாரத்துடன் பஞ்சம்’. இரண்டு உறுதியாகி, மூன்றாவதும் கோட்டைத் தாண்டியிருக்கும் என்று மற்றத் தகவல்களை வைத்து முடிவுக்கு வந்தால் ‘நியாயமான ஆதாரத்துடன் பஞ்சம்’. காசாவுக்குச் சொன்னது இரண்டாவது. இந்த முடிவை, எந்தத் தரப்பையும் சாராத நிபுணர்களைக் கொண்ட பஞ்ச மறுஆய்வுக் குழு பரிசீலித்த பிறகே வெளியிடுவார்கள். அப்போது காசாவில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்தாம் கட்டத்தில் இருந்ததாகக் கணக்கு.

தலைகளை எண்ணும் தகராறு

விகிதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே செத்தவர்கள், கீழே மொத்த மக்கள்தொகை. இந்தக் கீழ் எண்ணை எவர் கையில் வைத்திருக்கிறாரோ அவர் பஞ்சத்தையும் கையில் வைத்திருக்கிறார்.

2024 டிசம்பரில் நடந்ததைப் பார்க்கலாம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு 1985இல் அமெரிக்க அரசு தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு, வடகாசாவில் பஞ்சம் நெருங்குகிறது என்று ஓர் அறிக்கை போட்டது. அங்கே மிஞ்சியிருக்கும் மக்கள் எத்தனை ஆயிரம் என்ற எண் பழையது, தவறானது என்று இஸ்ரேலுக்கான அமெரிக்கத் தூதர் வெளிப்படையாகக் கண்டித்தார். அறிக்கை இணையதளத்திலிருந்து இறங்கியது. அடுத்த மாதம் அமெரிக்க வெளிநாட்டு உதவிகள் முடக்கப்பட்டபோது அந்த அமைப்பே பல மாதங்களுக்கு இருளில் போயிற்று.

தமிழருக்கு இது புதிய கதையல்ல. 2008 செப்டம்பரில் ஐநா அமைப்புகளும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. 2009 தொடக்கத்தில் அங்கே எஞ்சியிருந்தோர் 70,000 பேர் என்ற அளவிலேயே இலங்கை அரசு பேசிவந்தது. உணவுக் கப்பலும் அந்தக் கணக்குக்கே. போர் முடிந்து முகாம்களில் எண்ணியபோது இருந்தவர்கள் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். எழுபதாயிரம் வயிற்றுக்கு அளந்த அரிசியை அத்தனை பேருக்குப் பங்கிட்டால் கிடைப்பது அரிசியும் உப்பும் போட்ட தண்ணீர்க் கஞ்சிதான். ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று காய்ச்சிப் பகிர்வது அந்த நினைவுக்கு. அங்கே நாடாவும் இல்லை, தராசும் இல்லை, அளந்து சொல்ல வெளியார் எவரும் இல்லை. ஐந்து படிகளில் வன்னி எந்தப் படி என்று எந்த ஆவணத்திலும் கிடையாது.

தாது வருடத்து மதராஸ்

பஞ்சத்தைச் சட்டபூர்வமாக வரையறுக்கும் வழக்கம் ஐநா கண்டுபிடித்ததில்லை. 1876–78இல் மதராஸ், பம்பாய் மாகாணங்களையும் மைசூர், ஐதராபாத் நாடுகளையும் வாட்டிய பஞ்சத்திலிருந்து அது வருகிறது. தாது வருடத்தில் தொடங்கியதால் தாது வருடப் பஞ்சம் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். இறந்தோர் அரைக் கோடிக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

செலவு கைமீறுகிறது என்று கவலைப்பட்ட வைஸ்ராய் லிட்டன், 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிளை மதராஸுக்கு அனுப்பினார். டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியை ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை என்று குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காயும் வேண்டும் என்று வாதாடினார். ஒரு பவுண்டு அரிசி என்பது 454 கிராம். கிராமுக்கு மூன்றரைக் கலோரி போட்டால் 1,600 கலோரிக்குக் கொஞ்சம் கீழே. மினசோட்டாவில் இளைஞர்களின் எடையில் கால் பங்கைக் கரைத்த அதே அளவு. அவர்கள் நடந்தார்கள், இவர்கள் மண்வெட்டினார்கள். சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இப்படிப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. டெம்பிள் கூலியோ சில மாதங்களில் கைவிடப்பட்டது.

இந்தப் பேரழிவுக்குப் பிறகு பஞ்ச ஆணையம் அமைந்தது. 1880இல் அறிக்கை, 1883இல் மாதிரிப் பஞ்ச விதித்தொகுப்பு, அதையொட்டி மாகாணங்களுக்குத் தனித்தனி விதிகள். அதன் அமைப்பு இன்றைய ஐபிசியோடு ஒப்பிடத் தக்கது:

1. கீழ்மட்ட அதிகாரி கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: தானிய விலை ஏற்றம், ஊரைவிட்டுக் கூட்டமாகக் கிளம்புவது, சில்லறைத் திருட்டுகள் கூடுவது, பிச்சைக்காரர்கள் பெருகுவது.

2. சந்தேகம் வந்தால் ‘சோதனை வேலை’ திறப்பது. கடும் உழைப்பு, அற்பக் கூலி. அதற்கும் கூட்டம் திரண்டு வந்தால் உண்மையிலேயே பஞ்சம் என்று பொருள். மனிதர்களையே தெர்மாமீட்டராக வைத்த ஏற்பாடு.

3. பஞ்சம் அறிவித்துவிட்டால் அரசுக்குக் கட்டாயக் கடமைகள்: வேலை தர வேண்டும், வேலை செய்ய முடியாத முதியோருக்கும் நோயாளிக்கும் இலவசமாகச் சோறு போட வேண்டும், ஆளுக்கு இவ்வளவு என்று அளவும் எழுதியிருக்கும்.

மூன்றாவதுதான் இதன் உயிர். அதுவே இதன் நோயும் ஆனது. அறிவித்தால் செலவு, ஆகவே அறிவிக்காமல் இருப்பது லாபம். 1943இல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர் வரை இறந்த பஞ்சம் விதித்தொகுப்பின்படி அறிவிக்கப்படவே இல்லை. விதியில் எழுதியிருக்கும் அளவுக்குக் கொடுக்கத் தானியம் எங்களிடம் இல்லை, அதனால்தான் அதை அமல்படுத்தவில்லை என்று மாகாண ஆளுநர் வைஸ்ராய்க்கு எழுதினார். நிவாரணம் தர முடியவில்லை, ஆகவே பஞ்சம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின்னும் இந்தச் சொல்லின் மீதான பயம் போகவில்லை. தன் சட்டங்களிலிருந்து பஞ்சம் என்ற சொல்லையே நீக்குவதற்கென்று மகாராஷ்டிரம் 1963இல் ஒரு சட்டம் போட்டது. தட்டுப்பாடு என்ற சொல் போதும் என்றார்கள். 1967இல் பிகாரில் மட்டும் அரசே பஞ்சம் என்று அறிவித்து நிவாரணம் நடத்தியது.

இன்று அறிவித்தால் யாருக்கு என்ன கடமை?

யாருக்கும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து விதித்தொகுப்புக்கும் இன்றைய ஐபிசிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அளவுகோல் கூர்மையாகிவிட்டது, அளவுகோலோடு கட்டியிருந்த கடமை அறுந்துபோனது. ஐபிசி வகைப்படுத்தும், அவ்வளவே. எந்த அரசும் இத்தனை டன் தானியம் அனுப்ப வேண்டும் என்றோ, எந்த எல்லையைத் திறக்க வேண்டும் என்றோ அது உத்தரவிட முடியாது.

கடமை இல்லாதபோதும் ஏன் அரசுகள் அந்தச் சொல்லைக் கண்டு அஞ்சுகின்றன? பழி. இன்றைய பஞ்சங்களுக்கு மழையைக் காரணம் சொல்லித் தப்ப முடிவதில்லை. தென்சூடான், சூடான், காசா எல்லாமே போர்க்களங்கள். முற்றுகையும், வழிமறிப்பும், வயல்களையும் சந்தைகளையும் அழிப்பதும் சேர்ந்து செய்தவை. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளுவதை ஐநா பாதுகாப்பு அவை 2018இல் 2417ஆம் தீர்மானம் மூலம் கண்டித்தது. அது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் கீழ் போர்க்குற்றமும்கூட. 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலான்டுக்கும் எதிராக அந்த நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணையில் இந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது. இஸ்ரேல் அதை ஏற்கவில்லை. ஆக, பஞ்சம் என்ற சொல் இன்று சோற்றுப் பானையைத் திறப்பதைவிட வழக்குக் கட்டைத் திறப்பதற்கே அதிகம் பயன்படுகிறது.

சூடான் அரசு எடுத்த வழி இன்னும் நேரடியானது. 2024 ஆகஸ்டில் வடதார்ஃபூரில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த சம்சம் முகாமில் பஞ்சம் உறுதியாயிற்று. டிசம்பரில் ஐந்து இடங்களாகப் பரவியது என்ற அறிக்கை வெளிவரும் தறுவாயில், ஐபிசி முறையிலிருந்தே விலகுவதாக அரசு அறிவித்தது. அறிக்கை எப்படியும் வந்தது. 2025 நவம்பரில் எல் ஃபாஷர், கடுக்லி நகரங்களும் பட்டியலில் சேர்ந்தன.

அறிவிப்பால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தென்சூடானில் 2017 பிப்ரவரியில் லீர், மாயென்டிட் வட்டாரங்களில் அறிவித்தபோது பணமும் உணவும் வேகமாக வந்தன. ஜூனில் அந்த இரண்டு இடங்களும் பட்டியலிலிருந்து இறங்கின. வழி திறந்திருந்தால் சொல்லுக்கு வலு உண்டு.

பஞ்சம் நீங்கியது என்றால்

2025 அக்டோபர் 10 அன்று காசாவில் போர்நிறுத்தம். லாரிகள் கூடுதலாக உள்ளே போயின. டிசம்பர் 19 அன்று, காசாவில் இப்போது எந்தப் பகுதியும் பஞ்ச வகையில் இல்லை என்று ஐபிசி சொன்னது. பல தலைப்புகள் அதோடு நின்றுவிட்டன. அதே அறிக்கையில், 16 லட்சம் பேர் இன்னும் மூன்றாம் கட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கிறார்கள் என்பதும் இருந்தது. ஐந்தாம் படியிலிருந்து நான்காம் படிக்கு வந்தால் அந்த இடம் ‘பஞ்சம் நீங்கிய’ இடம்தான். படியேறி வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று பொருளில்லை.

நீண்ட பட்டினிக்குப் பிறகு சோறு போடுவதிலும் ஆபத்து உண்டு. வெறும் வயிற்றில் திடீரென்று மாவுச்சத்து இறங்கினால் இன்சுலின் பாய்ந்து, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட் செல்களுக்குள் இழுக்கப்பட்டு அளவு சரிந்துவிடும், இதயம் நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலர் வயிறாரச் சாப்பிட்டு இறந்தது இப்படித்தான். அதனால் மோசமாக மெலிந்து நோயும் கண்ட குழந்தைக்கு முதல் சில நாள் நீர்த்த பால் கலவைதான்: நூறு மில்லிலிட்டருக்கு 75 கலோரி, சிறிது சிறிதாக, இரவிலும் எழுப்பி. பசி எடுக்கத் தொடங்கிய பிறகு நிலக்கடலை விழுது, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, சத்துப்பொடி சேர்த்த பொட்டலம். ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் சேர்க்க வேண்டாம். ஓரத்தைக் கிழித்துக் குழந்தையே உறிஞ்சிக்கொள்ளும்.

வாரத்துக்கு ஒரு முறை தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். கையில் நாடாவைச் சுற்றுவார்கள். நாடாவைக் கொண்டு சேர்த்த குழந்தையை நாடாவே வெளியேற்ற வேண்டும். சுற்றளவு 125 மில்லிமீட்டரைத் தொட்டு, காலில் வீக்கமும் இல்லாமல் இரண்டு வாரம் நிலைத்தால் ஏட்டிலிருந்து பெயரை அடிப்பார்கள்.